‘சரியில்லை’ என்று எழுதிய பிறகு: ஃபோர்க்லிஃப்ட் தினசரிச் சோதனையில் நான் பட்டது

ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தோல் தொழிற்சாலையின் பச்சைத் தோல் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வண்டியை எடுக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைக்கான பயிற்சி சிக்கலின்றி முடிந்தது. டயர், பிரேக், ஹார்ன், ஸ்டியரிங், ஆயில் கசிவு, பேட்டரி தண்ணீர் என்று வரிசையாகப் பார்த்துவருவது பழகியவருக்குப் பத்து நிமிட வேலை. சோதனை ரிஜிஸ்டரின் ஏதாவது ஒரு கட்டத்தில் ‘சரியில்லை’ என்று எழுதும் நாளில் என்னென்ன நடக்கும் என்பதைத்தான் எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை.

முதல் அதிர்ச்சி ரிஜிஸ்டரிலேயே இருந்தது. மாதம் பாதிகூட முடியாத நிலையில், கடைசித் தேதி வரை எல்லாக் கட்டங்களிலும் ‘சரி’ என்று டிக் போடப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டுமே பாக்கி. வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் ஆய்வுக்கு வரும்போது காட்டுவதற்காக அப்படி நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கையெழுத்திட மறுத்து, புதிய பக்கம் கேட்டு வாங்கினேன்.

எங்கள் கிடங்கில் மற்ற எதையும்விட, ஃபோர்க்கை (சுமை தாங்கும் முன்பக்க இரும்புக் கரங்களை) மேலே தூக்கும் செயினைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். தோல் கெடாமலிருக்க உப்பிட்டே வருகிறது. உதிரும் உப்பும் தோலிலிருந்து வடியும் நீரும் தரையெங்கும் கிடப்பதால், ஓடாமல் நிற்கும் நேரத்திலும் வண்டியில் துரு ஏறிக்கொண்டே இருக்கும். அன்று ஃபோர்க்கை முழுவதும் தரையில் இறக்கிச் செயினைத் தளரவிட்டுப் பார்த்தேன். தளர்ந்த செயினின் கண்ணிகள் தாராளமாக மடங்க வேண்டும். இடப்பக்கச் செயினில் சில கண்ணிகள் வளைந்தபடியே விறைத்து நின்றன. கண்ணிகளைக் கோக்கும் ‘பின்’களின் தலையைச் சுற்றிச் செந்நிறப் பொடி படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஃபோர்க்கை ஒரு முறை ஏற்றி இறக்கியதும் அதே இடத்தில் பொடி மீண்டும் வெளியே வந்தது. துரு மேலோடு நிற்காமல் கண்ணிக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

‘சரியில்லை’ என்று எழுதிச் சாவியோடு சூப்பர்வைசரிடம் போனேன். “தம்பி, லாரி நிக்குது. டிக் போட்டுட்டு வண்டிய எடு, சாயந்திரம் பாத்துக்கலாம்” என்றார். நான் மறுத்ததும் சாவியை மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்தார். அந்த அண்ணன் எதுவும் பேசாமல் வண்டியருகே போய்ச் செயினைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, சாவியை மேசைமேல் வைத்தார். “சார், இதுல நானும் ஏற மாட்டேன்.” அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். லாரியைக் கையாலேயே இறக்க வேண்டியதாயிற்று. சுமை இறக்கிய தொழிலாளர்களின் கோபத்தையும் நான்தான் தாங்கினேன்.

அடுத்த தடை அலுவலகம். எழுத்தர் ஒரு சான்றிதழை எடுத்து நீட்டினார். அப்போது நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி, தூக்கும் எந்திரங்களையும் சங்கிலிகளையும் தகுதியுள்ள ஒருவர் 12 மாதங்களுக்கு ஒரு முறையாவது முழுமையாக ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கும்போது செயின் எப்படிக் கெடும் என்பது அவருடைய கேள்வி. சான்றிதழ், ஆய்வு நடந்த அன்றைய நிலையைத்தான் சொல்லும். உப்பு 12 மாதம் காத்திருக்காது. இதை அவருக்குப் புரியவைக்க முடியாமல் மனம் நொந்து திரும்பினேன்.

பிறகு வந்த கான்ட்ராக்ட் மெக்கானிக் செயின் முழுவதும் கிரீஸைப் பூசி, “இப்ப பாருங்க, நல்லா ஓடுது” என்றார். கிரீஸ் துருவை மறைக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. துடைக்கச் சொல்லி, எஃகு டேப்பால் அளக்கவைத்தேன். 5/8 அங்குலச் செயினில் 20 கண்ணிகள் சேர்ந்து 317.5 மி.மீ. இருக்க வேண்டும், 3 விழுக்காடு நீண்டு 327ஐ நெருங்கினால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கப்பிமேல் ஓடும் பகுதியை அளந்தபோது டேப் 327ஐத் தொட்டது. அத்துடன் அவருடைய வாதம் நின்றது.

செயின் வாங்க வேலூருக்கு அனுப்பினார்கள். கடைக்காரர் வண்டியின் மாடலும் வரிசை எண்ணும் கேட்டார். ஸ்டோர்ஸில் கொடுத்த சீட்டில் இரண்டும் இல்லை. தொலைபேசியில் கேட்டால், வண்டிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தபோது பெயர்த் தகட்டின் மேலும் சேர்த்து அடித்துவிட்டார்கள் என்று பதில் வந்தது. அளவை மட்டும் நம்பிச் செயின் தர முடியாது என்றார் கடைக்காரர். அவர் சொன்னதே நியாயம். கத்திரி வெயிலில் வெறுங்கையோடு திரும்பி, தின்னரில் நனைத்த துணியால் அந்தத் தகட்டைத் தேய்த்தேன். மாடல், வரிசை எண்ணோடு ‘2000 கிலோ, 500 மி.மீ. மையத் தொலைவு’ (ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து சுமையின் மையம் வரையுள்ள தூரம்) என்பதும் எழுந்து வந்தது. வண்டி எவ்வளவு தூக்கலாம் என்பதே இத்தனை நாளும் பெயின்ட்டுக்கு அடியில் கிடந்திருக்கிறது. தகடு படிக்கும்படி இருக்கிறதா என்பதும் அன்றாடச் சோதனையில் சேர்ந்ததே. புதிதாக ஒரு வண்டியில் ஏறுகிறவர்கள் முதல் நாளே அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட செயினை மட்டும் வாங்கினால் போதும் என்று ஸ்டோர்ஸில் மீண்டும் ஒரு சுற்றுப் பேச்சு நடந்தது. ஒன்று புதிது, மற்றது நீண்டது என்றால் சுமை முழுவதும் ஒரே பக்கம் ஏறும். ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இந்த முறை மெக்கானிக்கே எனக்காகப் பேசினார். இரண்டும் மாறின.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சில சொற்கள். ‘சரியில்லை’ என்று எழுதிய பக்கத்தைத் தேதி தெரியும்படி உடனே படம் எடுங்கள்; புகாரைக் கார்பன் நகலோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். உயர்த்திய ஃபோர்க்குக்கு அடியில் நின்றோ, இறுகிய செயினில் விரல் வைத்தோ எதையும் சோதிக்காதீர்கள். ஹைட்ராலிக் குழாயில் கசிவு தேடும்போது கையால் தடவாமல் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித்துளை வழியே பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஃபோர்க்கின் வளைவில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தடிமன் 10 விழுக்காடு தேய்ந்துவிட்டால், அதாவது 40 மி.மீ. இருந்தது 36 ஆகிவிட்டால், அந்த ஃபோர்க் கழிக்க வேண்டியது. நம் ஊர்க் கோடையில் பேட்டரி தண்ணீர் வேகமாகக் குறையும். பேட்டரிக்குள் இருக்கும் தகடுகள் மூழ்கியிருந்தால், சார்ஜ் முடிந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள், முன்கூட்டி நிரப்பினால் அமிலம் பொங்கி வழியும்.

இப்போது எங்கள் ரிஜிஸ்டரில் ‘பழுது நீக்கியவர்’, ‘தேதி’ என்று இரண்டு கட்டங்கள் கூடியிருக்கின்றன. அவை நிரம்பும்வரை சாவி வெளியே வருவதில்லை. பக்கங்களும் வெற்றாகவே வருகின்றன. கிடங்கின் இரண்டாவது வண்டியில் ரிவர்ஸ் பஸர் வேலை செய்யவில்லை என்று இன்று காலை எழுதிக் கொடுத்தேன். சூப்பர்வைசர் பக்கத்தைப் படித்துவிட்டு, மெக்கானிக்கை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார்.