கழுத்துக் கறுப்பும் உளுந்தஞ்சோறும்

பின்கழுத்தில் படிந்திருந்த கறுப்பை அழுக்கென்றே எண்ணி, குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம் பீர்க்கங்கூட்டால் தேய்த்துக்கொண்டிருந்தேன். தோல் எரிந்ததே தவிர, வெல்வெட்டுத் துணிபோல் தடித்திருந்த அந்தக் கறுப்பு போகவில்லை. பாளையங்கோட்டையில் நான் பார்த்த மருத்துவர்தான், இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம் என்று சொல்லிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 விழுக்காடு, எடை 84 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 சென்டிமீட்டர். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்றார்.

தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காதபோது, கணையம் அதை ஈடுகட்ட மேலும் மேலும் சுரக்கிறது என்பதையும், அப்படி மிகும் இன்சுலின் கொழுப்பைக் கரையவிடாமல் தடுக்கிறது என்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். மாத்திரை வேண்டாமா என்று கேட்டேன். 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், எடையை 7 விழுக்காடு குறைப்பதையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காகக் கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது என்றும், மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 விழுக்காடே குறைந்தது என்றும் சொல்லி, என் நிலையில் ஆறு மாதம் பழக்கங்களை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

முதல் இரண்டு மாதம் வீணாயிற்று. சீனியை விட்டுவிட்டோமே என்ற நிம்மதியில் நாளைக்கு நான்கு தம்ளர் கருப்பட்டிக் காப்பி குடித்திருக்கிறேன். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான் என்பதை ஏற்க என் மனம் மறுத்தது. நம் ஊரில் பலரும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

சோற்றைக் குறைப்பதுதான் வீட்டில் பெரிய பாடாக இருந்தது. “அரை வயித்துக்குத் தின்னா ஒடம்பு என்னத்துக்குல ஆகும்?” என்று அம்மா கண் கலங்கினாள். வழி கண்டவளும் அவள்தான். இரண்டு உழக்கு அரிசிக்கு ஓர் உழக்கு தொலி உளுந்து போட்டு வழக்கமாகப் பொங்கும் உளுந்தஞ்சோற்றில் இரண்டையும் சமமாக்கினாள். எள்ளுத் துவையலோடு ஒரு கரண்டி உண்டாலே வயிறு நிறைந்தது. மற்ற நாட்களில் முதலில் அவியலையும் பொரியலையும் தின்றுவிட்டு, பிறகே சோற்றில் கை வைத்தேன்.

இரவு உணவு முடிந்ததும் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிக் கால் மணி நேரம் நடந்தேன். உழைக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால், உண்டவுடன் படுக்கும் பழக்கத்தை விட்டதே எனக்குப் பெரிதும் உதவியது என்று நம்புகிறேன்.

நான்காம் மாதம் முழுவதும் எடை அசையாமல் நின்றபோது சோர்ந்துபோனேன். ஆனால், இடுப்பில் பதிந்து தடம் விழச் செய்த அரைஞாண் கயிறு அப்போது இரண்டு விரல் நுழையுமளவு தளர்ந்திருந்தது. எட்டாம் மாதப் பரிசோதனையில் எடை 77, சராசரி 5.6, இடுப்பு 92. கழுத்துக் கறுப்பு பாதிதான் வெளுத்திருக்கிறது. பீர்க்கங்கூட்டை இப்போது நான் தொடுவதில்லை.