சாரலுக்கு கேரவன்ல ஒரு மலை ட்ரிப்

இந்த ஆடிக்கு ஆச்சி, அத்தான், மைனி, பிள்ளைக எல்லாரையும் கூட்டிட்டு கேரவன் ஒண்ணு வாடகைக்கு எடுத்து மலைப்பக்கம் போவோம்னு பிளான் போட்டுட்டு இருக்கேன். ஆச்சிக்கு முட்டு வலி, உள்ளயே கட்டிலும் பாத்ரூமும் இருந்தா அவளும் வருவால்லா, எனக்கு அதான் முக்கியம்.

எல்லாரும் மாஞ்சோலைன்னுதான் சொன்னாவ. நான் வேண்டாம்னுட்டேன், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள போற பாதை, வனத்துறை அனுமதி வேணும், ரோடும் குறுகல், அவ்ளோ நீள வண்டிய வளைவுல திருப்புறது ரொம்பக் கஷ்டம்.

அதனால தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலைன்னு கொல்லம் ரோடுதான். அங்க மலையில ஒரு கணவாய் இருக்கதாலதான் தென்மேற்குப் பருவக்காத்து இங்கிட்டு நுழைஞ்சு குத்தாலத்துல சாரலா விழுது, அந்தக் காத்து வார வழியிலயே நாம எதுத்துப் போறோம், நெனச்சாலே குளுகுளுன்னு இருக்கு! வழியில பாலருவி, அப்புறம் 1904ல ரயில் ஓட ஆரம்பிச்ச பாதையில இருக்க பதிமூணு கண் பாலம், ரோட்டுல இருந்தே தெரியும்.

மஞ்ச போர்டு வண்டின்னா கேரளா பெர்மிட் இருக்கான்னு மொதல்லயே கேட்டுக்கோங்க. எறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராம சின்ன கியர்ல வாங்க. திரும்பும்போது ராத்திரிக்கு பிரானூர் பார்டர்ல புரோட்டா, அத அத்தான் இப்பவே முடிவு பண்ணிட்டாவ.