ஜே.ஆரின் மூளை

நேற்று ஹட்டன் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள், பேச்சு இலங்கையின் முன்னாள் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவைப் பற்றி. "ஜே.ஆர். மாதிரி மூளைக்காரன் இந்த நாட்டுல பொறக்கல" என்றார் ஒருவர். "நரி மூளை" என்றார் மற்றவர். நான் இறங்கும்வரை ஓயவில்லை.

அந்த மூளையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1948இல் மலையகத் தமிழர்களான நம்ம குடியுரிமையைப் பறித்த அமைச்சரவையில் அவர்தான் நிதியமைச்சர். 40 வருசம் கழித்து, 1988இல், மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டமும் அவர் ஆட்சியில்தான் வந்தது. அதற்காக அவரைக் கும்பிடுகிறவர்கள் எங்கள் தோட்டத்திலும் இருக்கிறார்கள். என்னால் முடியாது. 1986 ஜனவரியில் அந்தப் பிரஜாவுரிமை கேட்டு, மலைக்கு வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தார்களே, கொழுந்தெடுக்கிற நம்ம பெண்கள், அவர்களைத்தான் நான் கும்பிடுவேன். எங்க அப்பாயியும் அதில் ஒருத்தி. 1983 ஆடிக் கலவரமும் அதே ஜே.ஆர். ஆட்சிதான், சாகும்வரை அப்பாயி அதை மறக்கவில்லை.