நாக்தா தாமரைக் குளமும் ஆயிரத்து நூறு ரூபாய் ஆட்டோவும்

உதய்ப்பூரிலிருந்து நேற்று ராத்திரிதான் வீடு வந்து சேர்ந்தோம். பெட்டியை இன்னும் திறக்கவில்லை. அந்த ஆட்டோக்காரர் மேல் இருக்கும் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். குளத்தைப் பார்த்த சந்தோஷமும் அப்படியே இருக்கிறது, அதுவும் ஆறுவதற்குள். "எப்படிப் போறது, எங்கே தங்குறது, எவ்வளவு ஆகும்னு வரிசையா எழுதுடி, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்று அக்கா சொல்லியிருக்கிறாள். முடிந்தவரை செய்கிறேன்.

அரண்மனை, ஏரி, படகு சவாரி எல்லாம் எல்லோரும் எழுதியாகிவிட்டது. நாங்கள் போனது ஓவியர் அ. ராமச்சந்திரனுக்காக. கேரளத்தில் ஆற்றிங்கலில் 1935-இல் பிறந்தவர். மலையாள இலக்கியத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, சாந்திநிகேதனில் ஓவியம் கற்று, தில்லி ஜாமியா மில்லியாவில் பல வருடம் ஆசிரியராக இருந்தார். 2005-இல் பத்ம பூஷண். 2024 பிப்ரவரியில் காலமானார். நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு அடையாளமும் சொல்லலாம்: ஸ்ரீபெரும்புதூர் ராஜீவ் காந்தி நினைவிடத்தில் இருக்கும் கருங்கல் புடைப்புச் சிற்பம் அவர் வடிவமைத்தது. பெங்களூர் பஸ்ஸில் அதைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன்.

அவருடைய தாமரைக் குளப் படம் ஒன்றை தில்லியில் ஒரு கண்காட்சியில் பார்த்தேன். சுவர் முழுக்க ஒரே ஓவியம். வானம் கிடையாது, கரை கிடையாது, மனிதர் யாரும் கிடையாது. இலைக்கு மேல் இலை, மொட்டு, பூ, காய், தும்பி. அழகுதான், ஆனால் கொஞ்சம் ஜாஸ்தி ஜோடித்துவிட்டார் என்று அன்றைக்கு நினைத்தேன். கேரளக் கோயில் சுவரோவியங்களைப் பல வருடம் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தவர் என்பதால், இடைவெளியே விடாமல் நிரப்புவது அங்கிருந்து வந்த பழக்கம் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அந்தக் குளங்கள் உதய்ப்பூரைச் சுற்றி நிஜமாகவே இருக்கின்றன என்று பிறகுதான் படித்தேன். நாக்தா கிராமம், ஏக்லிங்ஜி, உபேஷ்வர் என்று அவர் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து வரைந்த இடங்கள். உபேஷ்வர் மலைப்பக்கம், தனி வண்டி வைக்க வேண்டும். அக்கா கணக்கு போட்டுப் பார்த்து வேண்டாம் என்றாள். நாக்தா மட்டும்.

இப்போது ஆட்டோ. உதய்ப்பூரிலிருந்து நாத்துவாரா போகும் சாலையில் ஏறக்குறைய 22 கிலோமீட்டர். போய்வர எழுநூறு என்று பேசித்தான் ஏறினோம். பாதி வழியில் கேட்காமலேயே ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்தினார். "சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்" என்றார். அங்கே அரை மணி நேரம் போனது. ஏக்லிங்ஜி கோயிலுக்குப் போனால் நடை சாத்திவிட்டார்கள். அது நாள் முழுக்கத் திறந்திருக்கும் கோயில் இல்லை, நடுவில் சாத்துவார்கள். அது அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. நாக்தாவில் இறங்கிக் குளத்துப் பக்கம் போய் இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். திரும்பி வந்து இறங்கியதும் ஆயிரத்து நூறு கேட்டார். காத்திருந்ததற்காம். "பையா, கடையில நிறுத்தினது நீங்கதானே?" என்று அக்கா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சண்டை போட்டாள். அதற்குள் இன்னும் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கொடுத்துவிட்டு வந்தோம். அன்றைய சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் ஒதுக்கியதில் பாதி அதிலேயே போயிற்று. ராத்திரி பொஹாவோடு, அதாவது அவல் உப்புமாவோடு, முடித்துக்கொண்டோம். பணத்தைவிட அந்த இருபது நிமிடம்தான் எனக்கு ஆறவேயில்லை.

மறுநாள் பிச்சோலா ஏரியில் படகு என்று திட்டம். நான் படகு வேண்டாம், குளத்துக்கே மறுபடி போகலாம் என்றேன். அந்தக் காசும் மிச்சம் என்பதால் அக்கா ஒத்துக்கொண்டாள். இந்த முறை உதியாபோல் பஸ் நிலையத்தில் நாத்துவாரா பஸ். ஆளுக்கு நாற்பது ரூபாய். நின்றுகொண்டுதான் வந்தோம், பரவாயில்லை. ஏக்லிங்ஜி கோயில் இருக்கும் கைலாஷ்புரியில் இறங்கி நாக்தாவுக்கு நடந்துவிடலாம். மழை முடிகிற செப்டம்பர் என்பதால் ஆரவல்லி மலை முழுக்கப் பச்சை. ராஜஸ்தான் என்றால் மணல் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த மாதத்தில் வர வேண்டும்.

நாக்தாவில் இருக்கும் சாஸ்-பஹு (மாமியார்-மருமகள்) கோயில்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆயிரம் வருடத்துப் பழமை, தோரணத்திலும் தூண்களிலும் கண் கொள்ளாத வேலைப்பாடு. அங்கே அரை மணி நேரம் இருந்துவிட்டு நேராகத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டேன்.

எட்டு மணி வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. கரையில் குந்தி உட்கார்ந்தால் இலைகள் கண் மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. முதல் நாள் நின்றபடி பார்த்தபோது தெரியாதது இதுதான். தாமரை இலை எல்லாம் தண்ணீரில் தட்டையாகப் படுத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் தண்டோடு எழுந்து நிற்கின்றன. காற்றடித்தால் ஒரு பக்கமாகப் புரண்டு அடிப்பக்கத்தைக் காட்டுகின்றன. மேலே நீலம் கலந்த பச்சை, அடியில் வெளிறிய மஞ்சள் பச்சை. ஓர் இலையின் நிழல் அடுத்த இலையில் விழுந்து பாதியை இருட்டாக்குகிறது. ஓரம் கருகிய இலை, பூச்சி ஓட்டை போட்ட இலை, பழுத்துச் சுருண்டு கவிழ்ந்த இலை. இலை நடுவில் இருந்த தண்ணீர், காற்று வந்ததும் பாதரசம் மாதிரி உருண்டு வழிந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் தில்லியில் பார்த்த படம் ஞாபகம் வந்தது. அவர் எதையும் ஜோடிக்கவில்லை. அந்தக் கருகல், அந்தப் புரளல், அந்த ஓட்டை எல்லாம் படத்தில் இருந்தன. நான்தான் பூவை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வானம் ஏன் இல்லை என்பதும் புரிந்தது. இந்த உயரத்தில் உட்கார்ந்தால் இலைதான் கண்ணை நிறைக்கிறது, வானம் பார்வைக்கே வராது.

ஒரு தாமரை மூன்று நான்கு நாள்தான் இருக்கும். காலையில் விரிந்து, கூம்பி, மறுநாள் மறுபடி விரிந்து, நிறம் வெளுத்து, கடைசியில் இதழ் உதிர்ந்து பச்சைப் பொகுட்டு மட்டும் நிற்கும். ஆனால் குளத்தில் எந்த நேரத்திலும் இந்த நிலைகள் அத்தனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மொட்டுக்கு அருகிலேயே விதை முற்றிக் காய்ந்த பொகுட்டு. ராமச்சந்திரன் படங்களில் இப்படி எல்லாம் ஒன்றாக வருவதைக் கற்பனை என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். குளக்கரையில் செய்தது கோட்டோவியம். காலை, மதியம், சாயங்காலம், மழைக்காலம், இலையுதிர் காலம் என்று தனித்தனியாக. பெரிய எண்ணெய் வண்ணப் படம் தில்லி ஸ்டூடியோவில், அந்தக் கோடுகளை வைத்துக்கொண்டு. இயற்கையின் முன்னால் உட்கார்ந்து தினமும் வரைவது சாந்திநிகேதனில் பழக்கிவிட்ட விஷயம், அதை அவர் கடைசிவரை விடவில்லை. இத்தனைக்கும் ஆரம்பத்தில் அவர் வரைந்தவை இதற்கு நேர் எதிர்: முறுக்கிக்கொண்ட உடல்கள், வன்முறை, துயரம். 1984-இல் தில்லியில் சீக்கியர்கள் மேல் நடந்த கொலைகளை நேரில் பார்த்த பிறகு அந்த வழியை விட்டார். அடுத்து வந்தது அறுபதடி நீள 'யயாதி' ஓவியம். அதில் ராஜஸ்தான் பெண்கள் வந்தார்கள். பிறகு பீல் பழங்குடி மக்கள், மரங்கள், குளங்கள். கண்ணெதிரே அப்படி ஒன்றைப் பார்த்த மனிதர் இந்தக் கரையைத் தேடி வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. சில படங்களில் தன் முகத்தையே வண்டு, ஆமை என்று ஏதாவது ஒரு ஜீவனுக்கு வைத்து ஓரத்தில் வரைந்திருப்பார். குளத்துக்குள்ளேயே ஒரு இடம் பிடித்துக்கொண்டார்.

நானும் நோட்டு எடுத்துப் போயிருந்தேன். ஒரே ஒரு இலை, கவிழ்ந்த இலை. வரைந்து முடிப்பதற்குள் வெயில் நகர்ந்து நிழல் மாறிவிடுகிறது. மறுபடி ஆரம்பித்தேன். "எத்தனை தடவைடி இதே இலையை வரைவே?" என்றாள் அக்கா. ஏழு தடவை. எருமை ஓட்டி வந்த ஒரு பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, நான் தொடாமல் விட்டிருந்த காய்ந்த தண்டைக் கையால் காட்டி அந்த ஊர் மேவாரி பாஷையில் ஏதோ சொன்னார். அதையும் போடு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு போட்டேன். படம் அதற்குப் பிறகுதான் சரியாக அமைந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பூக்கள் கூம்ப ஆரம்பித்தன. கைலாஷ்புரிக்கு நடந்து வந்து, இந்த முறை நடை சாத்துவதற்கு முன்பே தரிசனம். உள்ளே போட்டோ எடுக்க அனுமதி இல்லை. வெளியே ஒரு சின்னக் கடையில் தால்-பாட்டி-சூர்மா, நூற்று இருபது ரூபாய். தணலில் சுட்ட கோதுமை உருண்டையை உடைத்து, நெய் ஊற்றி, பருப்பை மேலே விட்டுத் தருகிறார்கள். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. சூர்மா நம் ஊர் மாலாடு உதிர்ந்த மாதிரி. இரண்டாவது பாட்டியைக் கேட்காமலே வைத்தார், அதற்குக் காசும் வாங்கவில்லை. முந்தைய நாள் கோபத்தில் கால்வாசி அங்கே குறைந்தது.

அக்கா கேட்ட விவரம்: தண்ணீர் பாட்டில், தொப்பி எடுத்துப் போங்கள். ஏழரைக்குள் பஸ் ஏறிவிடுங்கள். ஆட்டோ வேண்டவே வேண்டாம். இரண்டாம் நாள் இரண்டு பேருக்கும் பஸ், சாப்பாடு சேர்த்து நானூறு. தங்கிய இடம் சுமார், பெயர் சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஏழாவது இலையை மேஜைக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் இறங்கப்போகிறேன்.