சுவர் தட்டும் ஒலி

மே 6

இரவு பத்தரைக்கு அம்மா கண்ணயர்ந்த பிறகு கூடத்து விளக்கடியில் உட்கார்ந்து, ஷெர்லி ஜாக்சன் எழுதிய ‘தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ நாவலின் முதல் அத்தியாயத்தைப் படித்தேன். 1959இல் வெளிவந்தது. பேய் வீட்டுக் கதை, பயப்படாமல் படியுங்கள் அத்தை என்று எழுதி அண்ணன் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பியிருந்தாள். அவள் எதைச் சொன்னாளோ தெரியவில்லை. என்னை நிறுத்தி வைத்தது பேய் அல்ல. எலினர் என்ற பெண், 32 வயது, நோயாளித் தாயை 11 ஆண்டுகள் தனியாகப் பார்த்துக்கொண்டவள், தாய் இறந்த பின் தமக்கை வீட்டில் ஒண்டியிருக்கிறாள். பாதிப் பணம் தன்னுடையதான காரைக்கூட அவர்களிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். கேட்கிறாள், மறுக்கிறார்கள், விடியற்காலையில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மே 7

மூன்று முறை எழுந்தேன். படிக்கவில்லை.

மே 9

எலினர் போய்ச் சேர்ந்த ஹில் ஹவுஸில் எந்த மூலையும் சரியான செங்கோணத்தில் இல்லை. கட்டியவன் வேண்டுமென்றே ஒவ்வோர் அளவையும் இம்மியளவு பிசகவிட்டிருக்கிறான். அதனால் திறந்து வைத்த கதவுகள் தாமாகவே சாத்திக்கொள்கின்றன, உள்ளே இருப்பவர்களுக்குத் தாங்கள் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே பிடிபடுவதில்லை. சமையல் செய்யும் பெண்மணி இருட்டுவதற்கு முன் புறப்பட்டுவிடுவாள். ஆறு மைல் தள்ளியிருக்கும் ஊருக்குப் போய்விட்ட பிறகு நீங்கள் கூப்பிட்டால் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்பதை, சாப்பாட்டு நேரத்தைச் சொல்லும் அதே குரலில் சொல்கிறாள். இத்தனைக்கும் நூறு பக்கம் தாண்டியும் ஓர் உருவம்கூடக் கண்ணில் படவில்லை.

மருந்து வாங்கிவிட்டுக் கோட்டை வழியாகத் திரும்பும்போது இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்து அமரும்வரை கோட்டைக்குள் இருந்த கருவறை வெறுமையாகத்தான் கிடந்தது. சிறு வயதில் அங்கே போய் நின்றதைப் பற்றி அம்மா ஒருமுறை சொன்னார்: “உள்ள யாரும் இல்லன்னு தெரியும். ஆனா கை தானா கும்பிடும்.” இந்த நாவல் நெடுகிலும் அந்தக் கருவறை வாசலில் நிற்கிற மாதிரிதான் இருக்கிறது.

மே 11

குழந்தைகள் அறை வாசலில் ஒரேயோர் இடத்தில் மட்டும் எலும்பை உறைய வைக்கும் குளிர் நிற்கிறது. அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கத்திரி வெயிலில் சுவரெல்லாம் கொதிக்கும் வேலப்பாடி வீட்டில், மின்சாரம் நின்றுபோன இரவில், அம்மாவுக்குப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இதை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். இந்தப் புழுக்கத்தில் அப்படி ஒரு குளிர் கிடைத்தால் யாரும் மகிழ்ந்துதான் போவார்கள். இருந்தும் அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

மே 12

நான்காம் அத்தியாயம். எழுதி வைக்காவிட்டால் இன்று தூக்கம் வராது.

நள்ளிரவில் எலினர் விழித்துக்கொள்கிறாள். எங்கோ தட்டும் ஒலி கேட்கிறது. அரைத்தூக்கத்தில் அவள் வாயிலிருந்து வருவது, வருகிறேன் அம்மா, இதோ வருகிறேன் என்பதுதான். அம்மாதான் சுவரைத் தட்டுகிறார் என்று எழுந்து விளக்கைத் தேடுகிறாள். தாய் இறந்துவிட்டார் என்பதும், தான் படுத்திருப்பது வேறொரு வீடு என்பதும் அதற்குப் பிறகுதான் அவளுக்கு நினைவுக்கு வருகின்றன. அதற்குள் அந்த ஒலி தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு, அவளும் தோழியும் இருக்கும் அறையை நோக்கி வருகிறது. கதவு பிளந்துவிடும் போன்ற அந்த இடியோசை எல்லோரையும் நடுங்க வைக்கும் பகுதியாக இருக்கலாம். நான் அதற்கு முந்தைய பத்தியைத் தாண்டவே இல்லை. தட்டினால் எழுந்துகொள்ளும் பழக்கம் ஒருத்தியின் உடம்பில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால், தட்டுவதற்கு ஆளே இல்லாத இடத்திலும் அவள் வருகிறேன் என்று சொல்வாள்?

அம்மா சுவரைத் தட்டுவதில்லை. எவர்சில்வர் டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் தண்ணீர், விடாமல் தட்டினால் உடனே போக வேண்டும்.

மே 13

வீக்கம் குறையவில்லை. சனிக்கிழமை ரிப்போர்ட் வரும்.

மே 15

அண்ணன் காலையில் லால்பாக் எக்ஸ்பிரஸில் காட்பாடி வந்து, மாலையே திரும்பிவிட்டார். இளைத்துவிட்டாய், நேரத்தில் தூங்கு என்றார். சரி என்றேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இருட்டில் எலினர் பக்கத்துக் கட்டில் தோழியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கு எரிந்ததும் பார்த்தால், தோழி தன் கட்டிலில் அப்போதுதான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கை? ஆசிரியர் அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் அந்தக் கை எப்படி இருந்தது என்று வருணித்துக் கெடுத்திருப்பார்கள். பிடித்துக்கொள்ளக் கிடைத்த கையை அவள் அவ்வளவு நேரமும் சந்தேகப்படவில்லை என்பதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மே 17

ரிப்போர்ட் வரவில்லை, திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள்.

எட்டாம் அத்தியாயத்தில் எலினர் கடைசியில் சொல்லிவிடுகிறாள். அன்று இரவு தாய் சுவரைத் தட்டினார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், இவள் எழவில்லை, மருந்து போய்ச் சேரவில்லை. அதோடு நின்றிருந்தால் அதை ஒரு விபத்தென்று தேற்றிக்கொள்ளலாம். ஆனால் உண்மையில் தான் விழித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுபடியும் தூங்கிப்போனோமோ என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்கிறாள். உடன் நடக்கும் தோழியோ அதையெல்லாம் இதற்குள் மறந்திருக்க வேண்டாமா என்கிற பாவனையில் பேசுகிறாள். அந்த வீட்டில் இதுவரை நடந்த எதுவும், சுவரில் தோன்றிய எழுத்துகள் உட்பட, இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. அந்த வீடு அவளுக்கு வெளியிலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. அவள் எடுத்து வந்த சத்தத்தைத்தான் தாழ்வாரம் முழுவதும் ஒலிக்க விட்டிருக்கிறது. தூக்கத்தில் கேட்டதையும் கேட்காததையும் யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

நேற்று இரவு ஒன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் எனக்கு எந்த நினைவும் இல்லை.

மே 18

காலையில் தலை வாரிவிடும்போது, முந்தாநாள் ராத்திரி கூப்பிட்டீங்களா அம்மா என்று கேட்டேன்.

“தட்டினேன். நீ வர்ல. அசந்து தூங்கற பொண்ண எதுக்கு எழுப்பணும்னு வுட்டுட்டேன்.”

தாகமா என்று கேட்டேன். இல்லை என்றார். பின்னே எதற்கு என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

மே 19

என் பாயை அம்மா அறைக்குக் கொண்டுபோய்விட்டேன். ரிப்போர்ட் அண்ணனிடம் போனில் படித்துக் காட்டப்பட்டது.

மே 21

அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தை முடித்தேன். எல்லோருமாகச் சேர்ந்து எலினரை அனுப்பி வைக்கிறார்கள். போக வேறு இடமில்லாதவள் காரை வேகமாக ஓட்டிப் பாதையோரத்துப் பெரிய மரத்தில் மோதுகிறாள். மோதுவதற்கு முந்தைய கணத்தில் அவளுக்குத் தெளிவு வந்து, ஏன் இதைச் செய்கிறேன், ஏன் யாரும் என்னைத் தடுக்கவில்லை என்று நினைக்கிறாள். இந்த முடிவை நான் மறுக்கிறேன். சரியாக எழுதப்பட்டிருக்கிறது, ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது, அதனாலேயே மறுக்கிறேன். தங்கிவிட்டுப் போ என்று சொல்ல அத்தனை பேரில் ஒருவருக்குமா வாய் வரவில்லை?

மே 22

இவ்வளவு நாளாய் என்ன படிக்கிறாய் என்று அம்மா கேட்டார். மதியம் முழுவதும் கதையைச் சொன்னேன். வீட்டின் கோணல் மூலைகள், சாத்திக்கொள்ளும் கதவுகள், குளிர் நிற்கும் இடம், இருட்டில் பிடித்த கை, எல்லாவற்றையும் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தாய் சுவரைத் தட்டிய இடத்தை விட்டுவிடத்தான் நினைத்தேன். விட்டால் கதையே நிற்காது என்பதால் அதையும் சொன்னேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டார்: “அந்தம்மா எத்தினி வாட்டி தட்டுச்சாம்?”

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். எண்ணிக்கை இல்லை.