மாற்றுத்திறனாளிகளுக்கான பிஎம்இஜிபி மானியம்: விண்ணப்பம் முதல் மூன்றாம் ஆண்டு வரை

தொழில் தொடங்க அரசு மானியம் என்றதும், பணம் கணக்கில் விழும், எடுத்து மெஷின் வாங்கலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். பிஎம்இஜிபி எனப்படும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அப்படி நடக்காது. முதலில் வருவது வங்கிக் கடன். மானியம் அதற்குப் பின்னால் வந்து, வைப்புத்தொகையாக மூன்று ஆண்டு வங்கியிலேயே கிடக்கும். யூனிட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அது கடனில் கழியும். ஆகவே இதை மூன்றாண்டு வேலையாக எடுத்துக்கொண்டு, முதல் காகிதத்திலிருந்தே அதற்கேற்பத் திட்டம் போட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் இதில் சிறப்புப் பிரிவு. பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 விழுக்காட்டைக் கையிலிருந்து போட வேண்டும். நமக்கு 5 போதும். மானியம் ஊரகத்தில் 35 விழுக்காடு, நகரத்தில் 25. பொதுப் பிரிவுக்கு அதுவே 25, 15. 2022-ல் திருத்திய விதிப்படி உற்பத்திக்கு ரூ.50 லட்சம், சேவைக்கு ரூ.20 லட்சம் வரை திட்டம் போடலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும், மேல் வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்பது ரூ.10 லட்சத்துக்கு மேற்பட்ட உற்பத்திக்கும் ரூ.5 லட்சத்துக்கு மேற்பட்ட சேவைக்கும் மட்டும்தான். பள்ளிக்கூடமே போக முடியாத நிலையில் வளர்ந்தவர்களும் அதற்குக் கீழ் வரும் சிறு திட்டத்துக்குத் தாராளமாக விண்ணப்பிக்கலாம். இதை ஊரில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். "நீ படிக்கல, உனக்குக் கிடைக்காது" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஒரு முக்கியமான தடை உண்டு. வேறு அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே மானியம் வாங்கிய யூனிட்டுக்கு இது கிடையாது. மாநில அரசின் தொழில் மானியங்களுக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகக் கிடைக்கும் சிறு கடன் மானியத்துக்கும் இது பொருந்தும். அவசரத்துக்கு ஒரு சின்னத் தொகையை வாங்கிவிட்டு, பிறகு அதே தொழிலுக்குப் பெரிய மானியம் கேட்டால் கதவு மூடிவிடும். எது வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தொழில் புதியதாக இருக்க வேண்டும். குடும்பத்தில், அதாவது கணவன் மனைவி இருவரில், ஒருவர்தான் வாங்கலாம்.

காகிதங்களில் முதலில் பார்க்க வேண்டியது யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு பதிவாகியிருக்க வேண்டும்; அட்டை மஞ்சளாகவோ நீலமாகவோ இருக்கும். வெள்ளை அட்டை என்றால் 40-க்குக் கீழ், சிறப்புப் பிரிவுச் சலுகைக்கு உதவாது. பெரும்பாலும் சிக்குவது பெயரில். ஆதாரில் இனிஷியல் முன்னால், யுடிஐடியில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருந்தால் விண்ணப்பம் நிற்கும். ஆதாரை மூலமாக வைத்து மற்ற இரண்டையும் திருத்திவிட்டுப் பிறகு விண்ணப்பத்தில் கை வையுங்கள். ஊரகப் பகுதிச் சான்றும் தேவை. ஊராட்சி எல்லைக்குள் இருந்தால் ஊரகம், நகராட்சி எல்லைக்குள் வந்தால் நகரம். நீங்கள் குடியிருக்கும் இடம் கணக்கில் வராது, யூனிட் இருக்கும் இடம்தான் கணக்கு. ரூ.4 லட்சம் திட்டத்தில் இந்த எல்லைக்கோடு ரூ.40,000 வித்தியாசம் தரும்.

அடுத்தது பிராஜெக்ட் ரிப்போர்ட். மொத்தக் காரியமும் இதில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி ஏற்றினால், அந்த மாதிரி நடந்து திரியும் ஒருவருக்காக எழுதப்பட்டது என்பது மெஷின் இறங்கிய பிறகுதான் உறைக்கும். சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவர் ஊராட்சிப் பகுதியில், சொந்தக் கட்டடத்தில், மசாலாப் பொடி யூனிட் போடுவதாக வைத்துக்கொள்வோம். மோட்டாருடன் பல்வரைசர் (பொடி அரைக்கும் மெஷின்) ரூ.1,10,000, வறுக்கும் மெஷின் ரூ.85,000, பாக்கெட் ஒட்டும் சீலரும் தராசும் ரூ.35,000, மும்முனை மின் இணைப்பும் வயரிங்கும் ரூ.30,000. இத்தோடு மாதிரி ரிப்போர்ட் முடிந்துவிடும். நாம் சேர்க்க வேண்டியது இன்னொரு வரி: சாய்தளம், கதவு அகலப்படுத்தல், ஸ்விட்ச் இறக்கம் ரூ.50,000. ஆகமொத்தம் மூலதனச் செலவு ரூ.3,10,000. நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம், ரூ.90,000 சேர்த்தால் திட்டம் ரூ.4,00,000. விலைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்கின் வடிவம் இதுதான். சொந்தப் பங்கு ரூ.20,000, வங்கி தருவது ரூ.3,80,000, பின்னால் வரும் மானியம் ரூ.1,40,000.

அந்த ஐம்பதாயிரத்தை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், கடன் ஒப்புதலான பிறகு அதைச் சேர்க்க வழியில்லை. சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். கட்டடத்தின் தரை தெருவிலிருந்து ஒன்றரை அடி உயரம் என்றால் 18 அடி. கொத்தனாரிடம் விட்டால் இடமில்லை என்று சொல்லி ஆறடியில் முடித்துவிடுவார். அதில் மிளகாய் மூட்டையோடு ஏற முடியாது, இறங்கும்போது நாற்காலி முன்னால் கவிழும். முன்புறம் இடம் போதாவிட்டால் பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம், திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விட்டுவிட்டு. கதவு திறந்தபின் தெளிவாக 3 அடி இருக்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட்டரை எலெக்ட்ரீஷியன் வழக்கப்படி தலை உயரத்தில் மாட்டுவார். உட்கார்ந்தபடி எட்டும் 3 அடியில் மாட்டச் சொல்லுங்கள். மெஷின் இறுகி நிற்கும்போது கை உடனே அணைக்கும் பொத்தானில் இருக்க வேண்டும், இது உயிர் விஷயம். இவை எல்லாவற்றையும் கட்டடத் தலைப்பில் தனி கொட்டேஷனோடு வையுங்கள்.

பல்வரைசரின் வாய் தரையிலிருந்து நாலு, நாலரை அடியில் இருக்கும். நாற்காலியிலிருந்து மூட்டையைத் தூக்கி அதில் கொட்ட முடியாது. ஒன்றரை அடி மேடை கட்டலாமே என்று தோன்றும், ஆனால் அந்த மேடைக்கு ஏற இன்னொரு 18 அடி சாய்தளம் உள்ளே வேண்டும். ஓர் உதவியாளரை வைத்து, அவர் கூலியை நடைமுறை மூலதனத்திலும் மாதச் செலவிலும் மறைக்காமல் எழுதுவதே சரி. கூலியைக் காட்டினால் லாபம் குறைந்து தெரியும், கடன் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். காட்டாமல் விட்டால் நான்காம் மாதம் தவணையில் இடிக்கும். பார்வைக் குறைபாடு உள்ளவர் பேசும் தராசைக் கேட்கலாம். காது கேளாதவர் மெஷினுக்கு மணிக்குப் பதில் எச்சரிக்கை விளக்கு போடச் சொல்லலாம். எல்லாம் அதே கொட்டேஷனில் அடங்க வேண்டும்.

நிலத்தின் விலையைத் திட்டத்தில் காட்டக் கூடாது. வாடகைக் கட்டடம் என்றால் அதிகபட்சம் 3 ஆண்டு வாடகையைச் சேர்க்கலாம். மூலதனச் செலவே இல்லாத, வெறும் சரக்கு வாங்கி விற்கும் கணக்கு எடுபடாது.

விண்ணப்பம் கேவிஐசியின், அதாவது காதி மற்றும் கிராமத் தொழில்கள் ஆணையத்தின், இணையதளத்தில். கட்டணம் எதுவும் இல்லை, உத்யம் எனப்படும் சிறுதொழில் பதிவுக்கும் இல்லை. பணம் கேட்பவர் இடைத்தரகர். செயல்படுத்தும் முகமையாக மாவட்டத் தொழில் மையத்தைத் தேர்ந்தெடுத்தால் அலைச்சல் குறையும் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் எந்த மாவட்டத்திலும் அது பக்கத்தில் இருக்கிறது. சிறப்புப் பிரிவு என்ற கட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பதைத் தேர்ந்தெடுக்கத் தவறினால் பொதுப் பிரிவாக ஓடிவிடும். வங்கிக் கிளைக்கு உங்கள் யூனிட் இருக்கும் பகுதியைக் கவனிக்கும் கிளையைப் போடுங்கள். உங்களுக்குப் பழக்கமான தூரத்துக் கிளையைப் போட்டால் "எங்க ஏரியா இல்ல" என்று திரும்பி வரும். சமர்ப்பிக்கும் முன் அந்தக் கிளைக்கு ஒருமுறை போய் மேனேஜரைப் பார்த்துவிடுவது நல்லது.

வங்கியில் முதலில் பார்ப்பது சிபில், அதாவது உங்கள் பழைய கடன்களின் பதிவு. செல்போன் தவணையில் விட்ட இரண்டு மாதம், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து, எல்லாம் அங்கே தெரியும். முன்கூட்டியே பார்த்து, நிலுவையை அடைத்து, அடைத்ததற்கான கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து வருவதுதான் நமக்கே உரிய கேள்வி. "நீங்க தனியா எப்படிப் பாப்பீங்க? கியாரண்டிக்கு வீட்ல யாராவது இருக்காங்களா?" சில கிளைகளில் விண்ணப்பதாரரை விட்டுவிட்டு, கூட வந்த அண்ணனிடமே எல்லாவற்றையும் கேட்பார்கள். கோபப்படாமல், விலகாமல், பதிலை நீங்களே சொல்லுங்கள். ரூ.10 லட்சம் வரையான சிறுதொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சிஜிடிஎம்எஸ்இ எனப்படும் சிறுதொழில் கடன் உத்தரவாத நிதி அதற்காகத்தான் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 13-ஆம் பிரிவு, வங்கிக் கடன் பெறுவதிலும் நம் பணத்தை நாமே நிர்வகிப்பதிலும் மற்றவர்களுக்குச் சமமான உரிமையை நமக்குத் தருகிறது. பார்வையற்றவர்களுக்குக் காசோலை, ஏடிஎம், கடன் எதையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லிவிட்டது. வாய்ப்பேச்சாக மறுத்தால், "சார், காரணத்தை எழுத்துல குடுத்துடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். பல கோப்புகள் அந்த ஒரு வாக்கியத்தில் மறுபடி திறந்திருக்கின்றன. காது கேளாதவர் சைகைமொழி பெயர்ப்பாளரோடு போகட்டும், எழுதிக் காட்டி நடத்தும் பேச்சில் தவணை விவரம் பாதிதான் விளங்கும்.

சாங்ஷன் லெட்டர், அதாவது கடன் ஒப்புதல் கடிதம், வந்ததும் மூன்றைப் பாருங்கள். கடன், டேர்ம் லோன் (மூலதனச் செலவுக்கான தவணைக் கடன்) எவ்வளவு, கேஷ் கிரெடிட் (நடைமுறை மூலதனத்துக்கு வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன்) எவ்வளவு என்று பிரிக்கப்பட்டிருக்கும். நம் எடுத்துக்காட்டில் ரூ.2,94,500-ம் ரூ.85,500-ம். தவணை தொடங்கும் முன் விடுமுறைக்காலம் எத்தனை மாதம் என்று எழுதியிருக்க வேண்டும். திருப்பிச் செலுத்தும் காலம் அதற்குப் பின் 3 முதல் 7 ஆண்டு. ஐந்தாண்டு என்றால் டேர்ம் லோனுக்கு மட்டும் மாதம் அசல் சுமார் ரூ.4,900, வட்டி தனி. மும்முனை இணைப்பு வரத் தாமதமானால் விடுமுறைக்காலம் மெஷினைப் பார்த்துக்கொண்டே கரைந்துவிடும். கட்டட வேலை தொடங்கும் நாளிலேயே மின் இணைப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

தொழில்முனைவோர் பயிற்சி ரூ.5 லட்சம் வரையான திட்டத்துக்கு 5 நாள், மேலே 10 நாள். ரூ.2 லட்சம் வரை தேவையில்லை. நேரில் போக முடியாதவர்கள் இணையவழிப் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். சான்றிதழ் ஏறாமல் மானியக் கோரிக்கை நகராது. முதல் தவணைக் கடன் விடுவிக்கப்பட்ட பிறகு மானியத்தைக் கோர வேண்டியது வங்கியின் பொறுப்பு. கோரிவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் வேலை.

மானியம் வந்து வைப்பில் ஏறியதும், அந்தத் தொகைக்கு இணையான கடனுக்கு வங்கி வட்டி போடக் கூடாது. வைப்புக்கும் வட்டி தராது. 11 விழுக்காடு வட்டி என்று வைத்தால் ரூ.1,40,000-க்கு மாதம் ரூ.1,280 அளவு குறைய வேண்டும். பாஸ்புக்கில் முந்தைய மாத வட்டியையும் அடுத்த மாத வட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் உடனே எழுதிக் கொடுங்கள், விட்டால் மூன்று ஆண்டும் அப்படியே போகும்.

கேஷ் கிரெடிட் விஷயத்தில் சிக்கனமானவர்கள்தான் அடிபடுகிறார்கள். கடன் வேண்டாம் என்று அந்தக் கணக்கைத் தொடாமல் வைத்திருந்தால் மானியம் குறையும். மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது வரம்பை முழுக்கத் தொட வேண்டும், பயன்பாடு வரம்பில் 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இல்லையேல் அந்த விகிதத்தில் மானியத்தை மூன்றாம் ஆண்டு முடிவில் கேவிஐசிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மல்லியும் மிளகாயும் வரத்து அதிகமாகி விலை இறங்கும் பருவத்தில் ரூ.85,500 முழுவதையும் எடுத்துச் சரக்கு போட்டு, விற்றுக் கட்டுவது இதற்குப் பொருத்தமாக அமையும். உங்களுக்குத் தேவைப்படாத நடைமுறை மூலதனத்தை ரிப்போர்ட்டில் ஊதிப் பெருக்காதீர்கள்.

நேரடி ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பது: மெஷினின் சீரியல் எண் பில்லோடு ஒத்துப்போகிறதா, யூனிட் விண்ணப்பத்தில் சொன்ன இடத்தில் இருக்கிறதா, பிஎம்இஜிபி நிதியுதவியில் அமைந்தது என்ற பெயர்ப்பலகை இருக்கிறதா, வேலை நடக்கிறதா. மசாலா யூனிட் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கட்டும். சீரியல் எண் தகட்டை மாவும் எண்ணெயும் மூடிவிடும். மெஷின் இறங்கிய அன்றே படம் எடுத்து பில்லோடு சேர்த்து வையுங்கள். இடம் மாற வேண்டியிருந்தால் முன்னதாக வங்கிக்கும் தொழில் மையத்துக்கும் எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் வாசலை ஆய்வாளர் பார்த்தால் விளக்கம் சொல்வது கடினம். மருத்துவமனையில் இருக்க நேர்ந்து யூனிட் சில வாரம் நின்றால், மருத்துவச் சான்றோடு ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

வைப்பு ஏறிய தேதியைக் குறித்து வைத்து, மூன்று ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே மானியத்தைக் கடனில் கழிக்கச் சொல்லி வங்கிக்கு எழுதுங்கள். ஆய்வு அறிக்கையின் நகலும் அந்தக் கடிதத்தோடு போகட்டும். கழித்த பிறகு புதிய தவணை அட்டவணையைக் கையொப்பத்துடன் கேட்டு வாங்குங்கள். கடனைச் சரியாகக் கட்டி முடித்து, தொழிலை விரிவாக்க நினைப்பவர்களுக்கு இதே திட்டத்தில் இரண்டாம் கடன் உண்டு. உற்பத்தி யூனிட்டுக்கு ரூ.1 கோடி வரை, மானியம் 15 விழுக்காடு. அதற்கும் முதல் மூன்றாண்டு பாஸ்புக்கையும் விற்பனைக் கணக்கையும்தான் புரட்டுவார்கள்.