வேங்கைக் கட்டை ஊறிய தண்ணீர்: எது இறங்குகிறது, எது இறங்குவதில்லை

வேங்கை மரக் குவளையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை குறையும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி ஊறும்போது மரத்திலிருந்து தண்ணீருக்குள் வருவது எது, கட்டையிலேயே தங்கிவிடுவது எது என்று பார்க்கச் செய்த சோதனைகள் இவை.

முதலில் கட்டை. நாட்டு மருந்துக் கடையில் ‘வேங்கை’ என்று கேட்டால் சில இடங்களில் பட்டையைத் தருகிறார்கள், சில இடங்களில் மரத்தூளை. இரண்டும் ஒன்றல்ல. மருந்துக் குணம் உள்ளதாகப் பேசப்படும் சேர்மங்களில் எபிகேட்டசின் இருப்பது பட்டையில். டெரோஸ்டில்பீன், மார்சுப்சின், டெரோசுப்பின் ஆகியவை மரத்தின் நடுவைரத்தில், அதாவது உள்ளே இருக்கும் கெட்டிப் பகுதியில் இருப்பவை. தூளில் எது கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் தச்சுப் பட்டறையில் கழிந்த வைரத் துண்டை வாங்கி இழைப்புளியில் சீவிக்கொள்வது நல்லது. நல்ல வைரம் பொன்பழுப்பாக, கருவரிகளோடு இருக்கும். ஈரம் பட்டால் விரலில் மஞ்சள் கறை ஒட்டும். கன்னடத்தில் இந்த மரத்துக்கு ஹொன்னே என்று பெயர். ஹொன்னு என்றால் பொன்.

முதல் ஊறல்: 10 கிராம் சீவல், 200 மில்லி ஆர்.ஓ. தண்ணீர், எட்டு மணி நேரம். வேங்கை ஊறிய தண்ணீர் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும் என்பார்கள்; இதில் தேன் நிறம் வந்தது, நீலம் தெரியவில்லை. இரண்டாவது ஊறலில் அதே அளவு, ஆனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். கண்ணாடிக் குவளையைக் கறுப்புத் துணிக்கு முன் வைத்து, ஜன்னல் வெயில் பக்கவாட்டில் விழும்படி பார்த்தால், விளிம்பை ஒட்டி மயில்கழுத்து நீலம் மிதந்தது. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அதே தண்ணீர் வெறும் தேன் நிறம்தான்.

வேறுபாடு தண்ணீரின் காரத்தன்மையில் இருக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் பெரும்பாலும் லேசான அமிலப் பக்கம் நிற்கும். கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும். முதல் குவளையில் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால் நீலம் எழுந்து வந்தது. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டதும் அணைந்தது. மறுபடி சோடா போட்டால் மறுபடி நீலம். மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ‘லிக்னம் நெஃப்ரிட்டிகம்’ என்ற சிறுநீரக மருந்துக் கட்டையில் இதே விளையாட்டை விஞ்ஞானி ராபர்ட் பாயில் 1664இலேயே எழுதி வைத்தார். அந்த நீலத்துக்குக் காரணம் மாட்லலின் என்ற பொருள் என்று 2009இல்தான் தெரிந்தது. அந்த மெக்சிகோ மரத்தில் இருக்கும் கோட்லின் என்ற சர்க்கரை இணைந்த சேர்மம், லேசான காரத் தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மாட்லலினாக மாறுகிறது. வேங்கையின் டெரோசுப்பினும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இதில் அதிகம் தவறுவது அடர்த்தியில். ‘கூட ஊறட்டும்’ என்று ஒன்றரை நாள் விட்டால் தண்ணீர் காப்பி நிறமாகி, நீலம் போனதுபோல் தோன்றும். உண்மையில் போகவில்லை, பழுப்பு நிறப் பொருள்கள் ஒளியை முன்னாலேயே விழுங்கிவிடுகின்றன. ஒரு பங்கு ஊறலுக்குப் பத்துப் பங்கு நல்ல தண்ணீர் சேர்த்தால் திரும்ப ஒளிர்கிறது. வெயிலுக்குப் பதில் புற ஊதா டார்ச் அடித்தும் நீலத்தைப் பார்க்கலாம். ஆனால் ரூபாய் நோட்டு பார்க்கும் 395 நானோமீட்டர் டார்ச் தன் ஊதா வெளிச்சத்தாலேயே ஏமாற்றும்; 365 நானோமீட்டர் டார்ச்சே சரி. இரும்புப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். மரத்தின் ஃபீனால் வகைச் சேர்மங்கள் இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுக்கடித்துவிடும்.

இனி மருந்து. ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் டெரோஸ்டில்பீன், திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் என்ற சேர்மத்தில் உள்ள மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகளில் இரண்டு மெத்தாக்சியாக மாறிய வடிவம். அதனாலேயே கொழுப்பில் நன்றாகக் கரையும், தண்ணீரில் மிகக் குறைவாகத்தான் கரையும். நீலம் ஒளிர்வதைப் பார்த்து ‘மருந்து இறங்கிவிட்டது’ என்று எடுத்துக்கொள்வது தவறு. அது காட்டுவது தண்ணீரில் கரையும் சர்க்கரை இணைந்த சேர்மங்களை மட்டும்தான். எபிகேட்டசின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் திரும்ப வளர்க்கிறது என்று 1980களின் தொடக்கத்தில் எலிச் சோதனையிலிருந்து ஒரு முடிவு வந்தது. வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998இல் வெளியிட்ட சோதனையில், புதிதாகச் சர்க்கரை கண்ட 97 பேரில் 67 பேருக்குப் பன்னிரண்டு வாரத்தில் கட்டுக்குள் வந்தது. வேங்கை மருந்தை நாளுக்கு 2 முதல் 4 கிராம் வரை எடை பார்த்துக் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத குழு அதில் கிடையாது. குவளையில் அந்த எடைக் கணக்கும் கிடையாது: புதிதில் அடர்த்தியாக இறங்கும், நாளாக ஆக உட்சுவரின் மேல்படலம் தீர்ந்து தண்ணீர் வெளிறும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மீண்டும் நிறம் வரும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது. குவளையைச் சோப்பால் கழுவ வேண்டாம். வெயிலில் வைத்தால் வெடிக்கும். ஊறல் தண்ணீர் இரண்டாம் நாள் வழவழக்கும், கொட்டிவிட வேண்டும்.

கடைசியாக வேங்கைப் பால். மரத்தைக் கீறினால் ரத்தம்போல வடிந்து, மாதுளை முத்து நிறத்தில் உறையும் பிசின் அது. குழந்தைகளுக்குக் கரும்பொட்டு வைப்பதும் இதில்தான். ஒரு துண்டை மென்றால் பல்லில் ஒட்டி, எச்சில் சிவந்து, நாக்கு மரத்துப்போகும். பிசினில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலின் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் துவர்ப்பு அது. பழைய மருந்தகங்களில் கைனோ என்ற பெயரில் வயிற்றுப்போக்குக்கு இதன் சாராயக் கரைசலைக் கொடுத்தார்கள். அந்தக் கரைசல் புட்டியிலேயே களியாக இறுகிவிடும் என்பது அவர்களுடைய நெடுநாள் தொல்லை. வேங்கைப் பாலில் இருக்கும் ஆக்சிஜனேற்ற நொதிதான் காரணம்; சூடாக்கினால் அது செயலிழக்கும். இதையும் செய்து பார்த்தோம்: 5 கிராம் பிசினை 25 மில்லி தண்ணீரில் அரை மணி நேரம் கொதிநீர்த் தொட்டியில் வைத்து, ஆறியபின் 25 மில்லி எத்தனால் சேர்த்து வடிகட்டியது ஒரு புட்டி. சூடாக்காமல் நேரே கரைத்தது இன்னொன்று. நான்கு மாதம் கழித்து இரண்டாவது புட்டியைக் கவிழ்த்தால் உள்ளே இருப்பது அசைவதில்லை. முதல் புட்டி இன்னும் சிவப்பாக வழிகிறது.